குன்றக் கூறலா, சுருங்கச் சொல்லலா?

அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்பை ஒரு வாசிப்புக் குழுவில் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் மேசை இரண்டாகப் பிரிந்துவிடும். “இதுல கதையே இல்லையே” என்பார் ஒருவர். “பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு” என்பார் இன்னொருவர். “விட்ட இடத்துலதான் கதையே இருக்கு” என்று மூன்றாமவர் குரலை உயர்த்துவார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்துப் பட்டணத்தில் குழு என்றால் எட்டுப் பத்துப் பேர்தான்: ஓய்வுபெற்ற ஆசிரியர், செம்பனை (பாமாயில்) ஆலையில் வேலை செய்பவர், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) இலக்கியம் எடுக்கும் மாணவி, பத்திரிகைக்குச் சிறுகதை எழுதுகிறவர். அரை மணி கழித்துக் கேட்டால் எல்லாரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்களா என்ற சந்தேகம் வந்துவிடும்.

இந்தச் சண்டைக்குத் தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. நன்னூல் சொல்லும் பத்து அழகில் முதலாவது சுருங்கச் சொல்லல். அதே நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் முதலாவது குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதையும் சொல்லாமல் குறைத்துவிடுவது. ‘முடிவே இல்லை’ என்பவரின் குறைக்கும் அங்கே பெயர் உண்டு: சென்று தேய்ந்து இறுதல். ‘நாமே கண்டுபிடிக்க விட்டிருக்கிறார்’ என்பவருக்கும் 32 உத்திகளில் ஓர் இடம் உண்டு: உய்த்துணர வைப்பு. ஆக, சண்டை ரசனையைப் பற்றியதல்ல. ஒரு குறிப்பிட்ட வரி எடுக்கப்பட்டதால் அழகு வந்ததா, குற்றம் வந்ததா என்பதுதான் கேள்வி. அந்த வரி எது என்று விரல் வைத்துக் காட்டாதவரை பேச்சு செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

கார்வர் தொகுப்பை இதற்கென்றே தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. எடுக்கப்பட்ட வரிகள் நம் கைக்குக் கிடைக்கின்றன. ‘வாட் வீ டாக் அபௌட் வென் வீ டாக் அபௌட் லவ்’ என்ற அந்த நூலில் 17 கதைகள். நாஃப் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்த கோர்டன் லிஷ், கார்வர் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் பாதிக்கு மேல் வெட்டினார். 1980 ஜூலை 8 அன்று கார்வர் அவருக்குக் கடிதம் எழுதி, அச்சு வேலையை நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினார். நூல் அப்படியேதான் வந்தது, பெரும்புகழும் பெற்றது. கார்வர் 1988இல் இறந்தார். வெட்டுக்கு முந்தைய பிரதி ‘பிகினர்ஸ்’ என்ற பெயரில் 2009இல் நூலானது. மினிமலிசம் (மிகக் குறைவாகச் சொல்லும் பாணி) என்று உலகம் கொண்டாடிய நடையில் எவ்வளவு எழுத்தாளருடையது, எவ்வளவு பதிப்பாசிரியருடையது என்பதை இன்று யாரும் இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். கார்வருக்கே ‘மினிமலிஸ்ட்’ என்ற பட்டம் பிடிக்காது. பார்வையும் சிறியது, எழுத்தும் சிறியது என்கிற தொனி அதில் இருப்பதாக வருத்தப்பட்டார். குழுவில் அந்தச் சொல்லையே முதல் கூட்டத்தில் தவிர்ப்பது நல்லது. சொல் வந்துவிட்டால் கதையை விட்டுவிட்டு எல்லாரும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கூட்டத்தை ஞாயிறு காலை 10 மணிக்கு வையுங்கள். பேராக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை 4 மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால், தகரக் கூரை போட்ட மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது; சத்தம் போட்டு வாசிக்க வேண்டிய கதைகள் இவை. 17 கதைகளையும் படித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். ஒரே மூச்சில் படித்தால் எல்லாக் கதையும் ஒன்றாகக் கலந்து, ‘எல்லாம் குடி, எல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டை’ என்ற ஒரே கருத்து மட்டும் மிஞ்சும். மூன்று, நான்கு கதை போதும். இரண்டு கூட்டம், ஒவ்வொன்றும் 2 மணி நேரம்.

முதலில் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’. இரண்டே பக்கம், வாசிக்க 4, 5 நிமிடம். பனி உருகி அழுக்குத் தண்ணீராக ஓடும் ஒரு மாலை. வெளியே இருட்டுகிறது, வீட்டுக்குள்ளும் இருட்டுகிறது. புருஷன் பெட்டியில் துணி அடுக்குகிறான். கைக்குழந்தை யாருக்கு என்று இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்கள். குழந்தைக்கு என்ன ஆனது என்று கதை சொல்லாது. விவகாரம் இப்படியாக முடிவுக்கு வந்தது என்பது மாதிரியான ஒரு கடைசி வரியோடு நின்றுவிடும். இரண்டு தாய்மார் ஒரு குழந்தைக்கு வழக்காடும் பழங்கதை எல்லாருக்கும் உடனே நினைவுக்கு வரும். வரட்டும். அந்தக் கதையில் நடுவில் ஒரு நீதிபதி இருப்பார், இதில் இல்லை. கடைசி வரியை இரண்டாம் முறை வாசிக்கும்போது, முடிவு செய்தது யார் என்று கேளுங்கள். வாக்கியத்தில் ஆள் இல்லை, செயல் மட்டும் இருக்கிறது. நீதிபதி உட்கார வேண்டிய இடத்தில் ஒரு செயப்பாட்டு வினை உட்கார்ந்திருக்கிறது. இதைக் காட்டிவிட்டால், கதையை வெறுப்பவரும் வெறுப்பை ஒரு வரியின் மேல் இறக்கிவைக்கப் பழகிவிடுவார். முதல் கூட்டத்துக்கு அது போதும்.

அடுத்தது ‘தி பாத்’. குளியல் என்று வைத்துக்கொள்வோம். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

மகனின் பிறந்தநாளுக்கு அம்மா கேக் சொல்லி வைக்கிறாள். பிறந்தநாள் காலையில் பள்ளிக்கு நடந்து போகும்போது, கூட்டாளியோடு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை மாற்றி மாற்றித் தின்றுகொண்டே போகும் பையனைக் கார் ஒன்று மோதிவிட்டுப் போகிறது. பையன் ஸ்காட்டி மருத்துவமனையில் கண் விழிக்காமல் கிடக்கிறான். அப்பா குளிப்பதற்காக வீட்டுக்கு வருகிறார். கேக்கை யாரும் எடுக்கவில்லை, 16 டாலர் என்று தொலைபேசியில் ஒரு குரல். பிறகு அம்மா வீட்டுக்கு வருகிறாள். மணி அடிக்கிறது. ஸ்காட்டி விஷயமா என்று அவள் பதறிக் கேட்க, ஸ்காட்டி விஷயம்தான் என்கிறது குரல். கதை அங்கே நிற்கிறது. பேசுவது கேக் கடைக்காரரா, மருத்துவமனையா என்று உறுதியாகத் தெரியாது.

இதே கதையின் நீண்ட வடிவம் ‘எ ஸ்மால், குட் திங்’. 1983இல் வந்த ‘கதீட்ரல்’ தொகுப்பில் கார்வர் அதைச் சேர்த்துக்கொண்டார். அதில் பையன் இறந்துபோகிறான். தாயும் தந்தையும் நள்ளிரவில் பேக்கரிக்குப் போய்க் கடைக்காரர் மேல் பாய்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அடுப்பிலிருந்து எடுத்த சூடான ரொட்டியைக் கொடுக்கிறார். விடியும்வரை மூவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். லிஷ் கைவைத்ததில் கதையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போய், அதோடு இந்த ரொட்டியும் போய்விட்டது.

குழுவில் செய்ய வேண்டியது இதுதான். குறுகிய வடிவத்தை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். 20 நிமிடம் ஒதுக்குங்கள். மற்றவர்கள் கையில் பென்சில். ‘இங்கே இன்னும் ஒரு வரி இருந்திருக்கணும்’ என்று மனம் எங்கே கேட்கிறதோ, அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு. விளக்கம் எழுதக் கூடாது, கோடு மட்டும். நீண்ட வடிவத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வரக் கூடாது. படித்துவிட்டால் எல்லாக் கோடும் கடைசிப் பக்கத்தில் விழும். அது முக்கால் மணி, ஒரு மணி நேரக் கதை. வீட்டில் படித்துவிட்டு இரண்டாம் கூட்டத்துக்கு வரட்டும்.

கோடுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் குவியும். தொடக்கத்தில் கேக் கடைக்காரர் ஏன் இவ்வளவு வெட்டி வெட்டிப் பேசுகிறார் என்பது ஒன்று. காரை ஓட்டியது யார் என்பது இரண்டு. கடைசித் தொலைபேசி மூன்று. இரண்டாம் கூட்டத்தில் இந்த மூன்றையும் நீண்ட வடிவத்தோடு ஒப்பிடுங்கள். கடைக்காரருக்கு அதில் விடை இருக்கிறது: பிள்ளை குட்டி இல்லாத, இரவெல்லாம் பிறர் விருந்துக்குக் கேக் செய்தே காய்ந்துபோன ஒரு மனுஷன். தொலைபேசிக்கும் விடை இருக்கிறது. கார்க்காரர் யார் என்பதோ நீண்ட வடிவத்திலும் தெரியவராது. அந்த இடைவெளியை வெட்டுக்கத்தி உண்டாக்கவில்லை, கார்வரே அப்படித்தான் விட்டிருக்கிறார். ‘பதிப்பாசிரியர் கெடுத்துவிட்டார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவரும், ‘எழுத்தாளருக்கு எழுதத் தெரியவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் இந்த இடத்தில்தான் ஒருவர் பேச்சை ஒருவர் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நீண்டதுதான் மேல். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். பால் குழாய்கள் உள்பட்டையில், கட்டையை ஒட்டித்தான் அடர்த்தியாக இருக்கும். மேலோடு சீவினால் மங்கில் (பால் பிடிக்கும் கோப்பையில்) பால் சேராது. கட்டைக்கு 1 மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை மிச்சம் விட்டு நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல வெட்டுக்காரர். அதையும் தாண்டிக் கத்தி கட்டையில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே சரியாக வெட்டவே முடியாது. ‘குளியல்’ கதையில் கத்தி கட்டையில் பட்டுவிட்டது. பயம் மிஞ்சியது, அந்தக் கடைக்காரர் என்ற மனிதர் போய்விட்டார். ‘வொய் டோன்ட் யூ டான்ஸ்’ கதையில் லிஷ் எடுத்தது கொஞ்சம்தான், எடுத்ததும் சரியாக எடுத்திருக்கிறார். ஒரே கத்தி, ஒரே புத்தகம், ஆனால் கதைக்குக் கதை ஆழம் வேறு. அதனால் தொகுப்பு முழுவதற்கும் சேர்த்து நல்லது, கெட்டது என்று கை தூக்கச் சொல்லும் வேலையே வேண்டாம்.

அந்த ‘வொய் டோன்ட் யூ டான்ஸ்’ தோட்டத்து வாசகர்களிடம் தனியாக ஒரு வேலை செய்யும். ஒருவன் தன் படுக்கையறைச் சாமான்களை வீட்டுக்குள் இருந்த அதே அமைப்பில் வாசலில் வைத்திருக்கிறான். கட்டில், மேசை விளக்கு எல்லாம் அதனதன் இடத்தில். இளஞ்சோடி ஒன்று வந்து விலை பேசுகிறது, குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள். மனைவி பிரிந்து போய்விட்டாள் என்று கதை நேராகச் சொல்லாது. அமெரிக்க வாசகருக்கு முதலில் தோன்றுவது பழைய சாமான் விற்பனை, அடுத்தது மணமுறிவு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவருக்கு வாசலில் கட்டில் என்றால் ஒரே அர்த்தம்தான்: வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடலில், அதாவது தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதில், வேலையும் வீடும் ஒன்றாகப் போன குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்தப் பட்டணங்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் ‘இந்த ஆளுக்கு வேலை போயிடுச்சு’ என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார்கள்.

இதைத் தவறான வாசிப்பு என்று தள்ளினால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். சரி என்று விட்டுவிட்டால் கதை பின்னால் போய்விடும், தோட்ட வரலாறு மேசையைப் பிடித்துக்கொள்ளும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இது புத்தகத்துல இருக்கா, நம்ம லயத்துல இருக்கா?” புத்தகத்தில் இருப்பதைக் கோடு போட்டுக் காட்டட்டும். கட்டிலின் இரண்டு பக்கமும், அவன் பக்கம், அவள் பக்கம் என்று பிரித்துக் காட்டப்படுவதைக் கண்டுபிடித்துவிட்டால், வேலை போன கதையா, பெண்டாட்டி போன கதையா என்பதற்கு அவரே விடை சொல்லிவிடுவார். அதற்குப் பிறகும் லயத்து வாசல் அவர் மனதை விட்டுப் போகாது. போகவும் வேண்டாம். கதை இடம் விட்டதால்தானே அது உள்ளே வந்தது.

இன்னொரு வகை ஏமாற்றம் பள்ளிக்கூடத்திலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் வருகிறது. கரு, பாத்திரப் படைப்பு, பின்னணி, உத்தி, படிப்பினை என்று பிரித்தே கதை படித்துப் பழகியவர் இங்கே படிப்பினையைத் தேடித் தேடிக் களைத்துப்போவார். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் ஞாயிறு பக்கங்களில்தான் மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் பெரும்பகுதி வளர்ந்தது. அந்தப் பக்கத்துக் கதைக்குப் பெரும்பாலும் ஒரு முடிவு இருக்கும், ஒரு நியாயம் கிடைக்கும். அந்த எதிர்பார்ப்பைக் கேலி செய்யக் கூடாது. அவரிடம் குறுந்தொகை 25ஐக் கொடுங்கள். கபிலர் பாட்டு, ஐந்தே அடி. அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, தினைத்தாள் போன்ற காலோடு ஓடுநீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. அவன் என்ன வாக்குக் கொடுத்தான் என்று பாட்டில் இல்லை. கைவிட்டுவிட்டானா என்றும் இல்லை. சாட்சியாகக் கிடைத்ததோ மீன் மேல் கண்ணாக நின்ற ஒரு பறவை. இதை வெள்ளைக்காரன் பாணி என்று யாரும் சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பால் வரும் சண்டையைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் ஆங்கிலத்திலும் பாதிப் பேர் தமிழிலும் படித்திருந்தால், கருத்து வேறுபாடு என்று நினைப்பதில் பாதி வாக்கியத்தால் வந்ததாக இருக்கும். கார்வரின் வாக்கியம் குட்டி குட்டியானது. ‘எழுந்தான். சன்னலுக்குப் போனான். வெளியே பார்த்தான்.’ இப்படியே தமிழில் வைத்தால் ஒன்றாம் ஆண்டு வாசிப்பு நூல் போல இருக்கிறது என்பார்கள். ‘எழுந்து சன்னலுக்குப் போய் வெளியே பார்த்தான்’ என்று வினையெச்சம் போட்டுக் கோத்தால் தமிழ் சரளமாகிவிடும், ஆனால் ஒவ்வொரு செயலுக்கும் நடுவே இருந்த மௌனம் போய்விடும். நல்ல மொழிபெயர்ப்பாளர் எங்கே கோப்பது, எங்கே நிறுத்துவது என்று வரிக்கு வரி முடிவெடுக்கிறார்.

மரியாதை விகுதி அடுத்த சிக்கல். கடைக்காரர் ‘சொன்னான்’ என்றால் வாசகர் முதல் பக்கத்திலேயே அவர் மேல் கோபப்படுவார். ‘சொன்னார்’ என்றால் அந்தக் கோபம் கடைசிவரை வராது. ஆங்கிலம் இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது, தமிழுக்கு அந்த வசதி இல்லை. ‘குளியல்’ முடிவில் மட்டும் தமிழுக்கு அதிர்ஷ்டம்: பேசுவது குரல், அதனால் ‘குரல் சொன்னது’. அஃறிணை வந்து ஆளை மறைத்துவிடுகிறது. ஆனால் ‘ஸ்காட்டியைப் பற்றித்தான்’ என்று அந்த ‘தான்’ சேர்ந்தால் குரலில் கொஞ்சம் வன்மம் ஏறும். ‘ஸ்காட்டி சம்பந்தமாக’ என்றால் மருத்துவமனைக் குமாஸ்தா பேசுவது போல இருக்கும். இந்த ஒரு வரியைக் குழுவில் எல்லாரையும் தனித்தனியாக மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். யார் பேசுவதாக ஒவ்வொருவரும் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் துண்டுத்தாளில் தெரிந்துவிடும்.

குடியைப் பற்றியும் முன்னெச்சரிக்கை வேண்டும். கார்வர் 1977 ஜூனில் குடியை நிறுத்தியவர், கதைகளில் பாட்டில் இல்லாத பக்கம் குறைவு. கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் என்ன செய்தன என்று கண்ணால் பார்த்த ஊரில் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தால் திரும்பி வராது. தடுக்காதீர்கள், ஆனால் பாட்டிலைக் கதைக்குள் திருப்பிவிடுங்கள். தலைப்புக் கதையில் இரண்டு ஜோடிகள் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஜின் குடித்தபடி காதலைப் பற்றிப் பேசுகிறார்கள். தொடக்கத்தில் அறை முழுக்க வெயில். பாட்டில் இறங்க இறங்க வெயிலும் இறங்குகிறது. முடிவில் ஜின்னும் தீர்ந்துவிட்டது, அறையும் இருட்டு. ஒவ்வொரு ஊற்றுக்கும் பக்க எண்ணை எழுதி, பக்கத்தில் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்றும் எழுதினால், குடி அங்கே கடிகாரமாக வேலை செய்வது தெரியும். ‘குடிகாரக் கதை’ என்று ஒதுக்கியவர் அதற்குப் பிறகும் ஒதுக்கலாம், அது அவர் உரிமை.

ஆளுக்கொரு துண்டுத்தாளில் முதல் கூட்டம் தொடங்கும்போது ஒரு வாக்கியம், இரண்டாம் கூட்டம் முடியும்போது ஒரு வாக்கியம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடச் சொல்லாதீர்கள்; முதல் ஆள் போட்டதைப் பார்த்தே மற்றவர்கள் எழுதுவார்கள். தலைமை தாங்குகிறவர் தன் கருத்தைக் கடைசியாகத்தான் சொல்ல வேண்டும். ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் யாராவது அந்த நாற்காலியில் இருந்தால் இது இன்னும் முக்கியம். ஐயா சொல்லிவிட்டார் என்றால் அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மூன்றாவது கூட்டம் வேண்டும் என்று கேட்டால் ‘கதீட்ரல்’ தலைப்புக் கதையை எடுங்கள். கார்வர் வெட்டுக்கத்தியிலிருந்து விலகி, கையைத் தளர்த்தி எழுதியது. பார்வையற்ற விருந்தாளியும் வீட்டுக்காரனும் கைமேல் கை வைத்து ஒரு தேவாலயத்தை வரைகிறார்கள். வரைய நல்ல தடித்த காகிதம் வேண்டும். வீட்டுக்காரன் சமையலறையில் ஒரு கடைப்பையைக் கண்டெடுக்கிறான். அடியில் வெங்காயச் சருகு கிடக்கிறது, கொட்டி உதறிவிட்டு எடுத்து வருகிறான். 1981 தொகுப்பாக இருந்தால் அந்த வெங்காயச் சருகு தப்பியிருக்குமா என்ற கேள்வியோடு அந்தக் கூட்டத்தை ஆரம்பிக்கலாம்.